வாய்ப்புண், கால் கட்டி, குடல் நோய்: மூன்றையும் ஒரே கோப்பில் கொண்டு போவது எப்படி

க்ரோன்ஸ் அல்லது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (இரண்டுமே குடலில் நாள்பட்ட அழற்சி உண்டாக்கும் நோய்கள்) என்று டாக்டர் சொல்லிவிட்டார், மருந்தும் ஆரம்பித்தாயிற்று. நடுவில் வாயெல்லாம் புண், உதட்டில் வீக்கம், முழங்காலுக்குக் கீழே தொட்டால் வலிக்கிற கட்டி. வாய்க்குப் பல் டாக்டர், காலுக்குத் தோல் டாக்டர், வயிற்றுக்குக் குடல் டாக்டர் என்று மூன்று பக்கம் அலைகிறீர்கள். ஒருவர் எழுதிக் கொடுத்தது மற்றவருக்குத் தெரிவதில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் பலருக்கும் நடப்பது இதுதான். "வயித்துச் சூடுங்க, எளநி குடிங்க, சரியாப் போயிருமுங்க" என்ற பேச்சிலேயே மாதக்கணக்கு ஓடிவிடுகிறது.

குடல் நோய் இன்னும் உறுதியாகாதவர்களும் இதைப் படிக்கலாம். வாய்ப்புண் திரும்பத் திரும்ப வருகிறது, கூடவே நான்கு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுந்து மலம் கழிக்கப் போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் குடலைப் பார்க்காமல் வாய்க்கு மட்டும் மருந்து போடுவதில் பயனில்லை. வாயும் தோலும் சில பேருக்குக் குடலுக்கு முன்பாகவே அறிகுறி காட்டிவிடும்.

1. அவசரம் எது என்று முதலில் பிரியுங்கள்

கீழே உள்ளவற்றுக்கு அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

புது மருந்து தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் வந்து, உதடு வெந்து, கண் சிவந்து, தோலில் கொப்புளமோ தோல் உரிதலோ தெரிந்தால் அது மருந்து ஒவ்வாமையின் கடுமையான வடிவமாக இருக்கலாம். சல்ஃபாசலசின் போன்ற சல்ஃபா மருந்துகளில் இந்த ஆபத்து உண்டு. அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். 108-ஐ அழைக்கலாம்.

அசதயாப்ரின் அல்லது மெத்தோட்ரெக்சேட் (உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள்) எடுப்பவருக்குக் காய்ச்சலும் புது வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தால் அன்றே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். வெள்ளை அணு விழுந்திருக்கலாம்.

காலில் வந்த புண் நேற்றைக்கு இன்று பெரிதாகி, ஓரம் ஊதா நிறமாகி, அளவுக்குப் பொருந்தாத வலி இருந்தால் அதுவும் அவசரம். ஏன் என்பது அடுத்த படியில் வருகிறது. கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் 24 மணி நேரத்துக்குள் கண் டாக்டர். இந்த நோயில் கண்ணுக்குள்ளும் அழற்சி வரும். சாதாரண 'மெட்ராஸ் ஐ' என்று கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடக் கூடாது.

இன்னொன்று: மூன்று வாரத்தில் ஆறாத ஒற்றை வாய்ப்புண்ணைக் குடல் நோயின் தலையில் கட்டிவிடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள், பான் மசாலா போடுபவர்கள் பயாப்சி (சின்னச் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது) எடுத்தே தீர வேண்டும்.

2. எந்தப் புண் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வாயில் அதிகம் வருவது ஆப்தஸ் புண். நடுவில் வெளிர் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு வளையம். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவானவை 10 முதல் 14 நாளில் ஆறும். அதைவிடப் பெரியவை ஆறு வாரம் வரை இழுத்துத் தழும்பு விடலாம். இது குடல் நோய் இல்லாதவர்களுக்கும் வரும் என்பதால் இதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

க்ரோன்ஸுக்கே உரிய மாற்றங்கள் வேறு. உதடு வாரக்கணக்கில் வீங்கி நடுவில் வெடிப்பது, கன்னத்தின் உட்புறம் கூழாங்கல் பாவியதுபோல மேடுபள்ளமாவது, கன்னமும் ஈறும் சேரும் பள்ளத்தில் நீளவாக்கில் கீறல்போல் ஆழமான புண், சதைத் துணுக்குபோல் தொங்குவது. குழந்தைகளிடம் உதட்டு வீக்கம் தெரிந்தால் கூடவே உயரம், எடைக் கணக்கையும் பாருங்கள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் வளர இவன் மட்டும் நின்றுவிட்டான் என்றால் அதுவும் குடல் சொல்லும் செய்திதான்.

ஈறிலும் கன்னத்திலும் சின்னச் சின்ன மஞ்சள் சீழ்ப்புள்ளிகள் சேர்ந்து நத்தை ஊர்ந்த தடம்போல் வளைந்து தெரிந்தால் அது பையோஸ்டொமாடைட்டிஸ் வெஜிடன்ஸ். அரிதானது, கொலைட்டிஸோடு அதிகம் சேர்ந்து வருவது. பார்த்தவுடன் குடல் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

வாயோர வெடிப்பும், வழவழவென்று சிவந்த நாக்கும் பெரும்பாலும் இரும்பு, பி12, ஃபோலேட், துத்தநாகம் ஆகியவற்றின் குறைவு. பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அந்தப் பகுதியை அறுவையில் எடுத்துவிட்டவர்களுக்குச் சாதாரண சத்து மாத்திரை போதாமல் போகும், ஊசி தேவைப்படும்.

தோலுக்கு வருவோம். முழங்காலுக்குக் கீழ் முன்பக்கம் வரும் வலியுள்ள கட்டிகள் பெரும்பாலும் எரித்திமா நோடோசம். படங்களில் செக்கச்செவேல் என்று இருக்கும். நம் நிறத் தோலில் அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், சில பேருக்கு நிறமே மாறாது. கண்ணை நம்பாமல் புறங்கையால் தடவிப் பாருங்கள். சுற்றுத் தோலைவிடச் சூடாக, உள்ளே கெட்டியாக, அழுத்தினால் சுள்ளென்று வலிக்கும். இது உடைந்து புண்ணாகாது. குடல் அழற்சி கூடும்போது வந்து, அது அடங்கும்போது மூன்று முதல் ஆறு வாரத்தில் கன்றிப்போன தடம்போல மறையும். காசநோய், தொழுநோய், தொண்டைத் தொற்று ஆகியவற்றிலும் இதே மாதிரிக் கட்டி வரும் என்பதால் முதல் தடவை வரும்போது நெஞ்சு எக்ஸ்ரே கேட்பார்கள். மறுக்காதீர்கள்.

பையோடெர்மா காங்கிரினோசம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். கொசு கடித்ததுபோல ஒரு பருவாக ஆரம்பிக்கும். ஓரிரு நாளில் உடைந்து, சீழும் ரத்தமும் கசியும் புண்ணாகிப் பரவும். ஓரம் ஊதா நிறம், அந்த ஓரத்துக்கு அடியில் குடைந்ததுபோல் இருக்கும். வலி தூங்க விடாது. பெயரில் 'காங்கிரீன்' ஒலித்தாலும் இது கிருமித் தொற்றும் அல்ல, ரத்த ஓட்டம் நின்று அழுகுவதும் அல்ல. உடம்பின் எதிர்ப்பு அணுக்களே தோலைத் தாக்குகின்றன.

இந்தப் புண்ணைச் 'சர்க்கரைப் புண்' என்று நினைத்து அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டால், வெட்டிய இடமெல்லாம் புதுப் புண்ணாகிப் பெரிதாகிறது. சின்னக் காயம்கூட இதைக் கிளறிவிடும். அதனால் அறுவை சிகிச்சைப் பிரிவில் சுத்தம் செய்யலாம் என்று சொன்னால், "எனக்குக் குடல் அழற்சி நோய் இருக்குதுங்க, தோல் டாக்டர் பார்த்த பிறகு பண்ணலாமுங்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி காலைக் காப்பாற்றும். மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலை எதையும் அப்பாதீர்கள். மற்ற நோய்களை விலக்கத் தோல் டாக்டர் ஓரத்திலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பார். அது தேவையானது, தடுக்க வேண்டாம். சிகிச்சை வெட்டுவதல்ல, எதிர்ப்பை அடக்கும் மருந்து: ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின், இன்ஃப்ளிக்சிமாப் போன்றவை. குடல் அமைதியாக இருக்கும்போதும் இது வரலாம். வயிற்றில் ஸ்டோமா பை (மலம் வெளியேற வயிற்றில் போட்ட துளையின்மேல் ஒட்டும் பை) வைத்திருப்பவர்களுக்கு அதைச் சுற்றியும் வரும். பை ஒட்டியதால் வந்த அரிப்பு என்று தள்ளிவிட வேண்டாம்.

ஆசனவாயைச் சுற்றி வருவதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நம் ஊர்ச் சுவர்களில் எல்லாம் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று எழுதியிருக்கும். க்ரோன்ஸால் வந்த பவுத்திரத்துக்கு அங்கே போய் ஊசி போட்டுக்கொண்டாலோ, தோல் துணுக்கை வெட்டிக்கொண்டாலோ அந்தக் காயம் ஆறாமல் கிடக்கும். முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு குடல் டாக்டரும் அறுவை டாக்டரும் சேர்ந்து முடிவு.

3. ஆறுவதற்குள் படம் எடுங்கள்

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் நாளில் வாய்ப்புண் ஆறிப்போயிருக்கும். ஆகவே வந்த அன்றே படம் எடுங்கள். காலை வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல். தோல் புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தின்மேல் 10 ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் குறுக்களவு 27 மி.மீ., எந்த டாக்டரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். நாணயம் புண்ணில் படக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒரு படம் போதும், பையோடெர்மா சந்தேகம் இருந்தால் தினமும்.

கூடவே ஒரு நோட்டில் நான்கு விவரம்: தேதி, புண் எங்கே, அன்று எத்தனை முறை மலம் போனது, அந்த வாரம் மாறிய மருந்து. குடலும் புண்ணும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பது மூன்று மாத நோட்டில் தெரிந்துவிடும். சிகிச்சையை முடிவு செய்வதற்கு இதைவிட உதவியான தாள் வேறில்லை.

4. ஒரே கோப்பு தயார் செய்யுங்கள்

மேலே இருக்க வேண்டியது ஒரு பக்கச் சுருக்கம்: நோயின் பெயர், கண்டுபிடித்த மாதம், குடலில் எந்தப் பகுதி, இப்போதைய மருந்தும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து. அதற்குக் கீழே கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) அறிக்கை, பயாப்சி அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனைகள் தேதி வரிசையில். கடைசியில் படங்களின் பிரின்ட்.

பயாப்சித் துண்டு பதிந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகட்டையும் ஆய்வகம் வைத்திருக்கும். இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமானால் கடிதம் எழுதிக் கொடுத்து வாங்கலாம். மறுபடி கொலனோஸ்கோபி செய்வது சில பேருக்கு மிச்சமாகும். பரிசோதனைத் தாளில் மை மங்கிவிடும், எல்லாவற்றையும் போனில் ஒருமுறை படமெடுத்து வையுங்கள்.

5. யாரிடம் முதலில் போவது

நோய் ஏற்கெனவே உறுதியானவர் குடல் டாக்டரிடம் முதலில் போங்கள், அவரிடமிருந்து தோலுக்கும் வாய்க்கும் கடிதம் வாங்குங்கள். வாய்க்குப் பல் பிடுங்கும் இடமல்ல, பல் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் வாய் மருத்துவப் பிரிவு சரியானது. அரசுப் பக்கம் என்றால் கோவை, பெருந்துறை, சேலம், திருப்பூர், நாமக்கல், கரூர் ஆகிய ஊர்களில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குடல் சிறப்புப் பிரிவு எந்த நாளில் வெளிநோயாளிகளைப் பார்க்கிறது என்று முன்கூட்டி விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். புறநோயாளிச் சீட்டு காலையில்தான், மதியத்துக்குள் முடிந்துவிடும். தாராபுரத்திலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ வருபவர்கள் முதல் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது. ஆதார் எடுத்துப் போங்கள்.

6. பரிசோதனைகளும் அவற்றின் நேரமும்

ரத்தத்தில் அணுக்கள் எண்ணிக்கை, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது), ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட், ஆல்புமின், கல்லீரல் பரிசோதனை. ஃபெரிட்டினைப் படிப்பதில் ஒரு சூட்சுமம்: அழற்சி இல்லாதபோது 30-க்குக் கீழ் என்றால் இரும்புக் குறைவு. அழற்சி இருக்கும்போது 100 வரை காட்டினாலும் குறைவு இருக்கலாம். அறிக்கையில் 'நார்மல்' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

மலத்தில் கால்ப்ரோடெக்டின்: குடலில் அழற்சி இருக்கிறதா என்று கேமரா இல்லாமல் சொல்வது. 50-க்குக் கீழ் இயல்பு, 250-க்கு மேல் அழற்சி தீவிரம் என்று எடுத்துக்கொள்வார்கள். தனியார் ஆய்வகங்களில் ஏறத்தாழ 1,500 முதல் 3,500 ரூபாய் வரை ஆகிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டிருந்தால் அளவு பொய்யாக ஏறும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காலை முதல் மலம், அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.

கொலனோஸ்கோபிக்கு முன் இரும்பு மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொல்வார்கள், குடல் கறுத்துக் கேமராவில் தெரியாமல் போகும் என்பதால். சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பார்த்துப் பயாப்சி எடுக்கும்படி கேளுங்கள். பயாப்சிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் குடல் காசநோய் க்ரோன்ஸை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருக்கும். காசநோயை விலக்காமல் ஸ்டீராய்டு ஆரம்பித்தால் காசநோய் பரவிவிடும். காசநோய் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) முடிவு ஆறு வாரம் வரை ஆகலாம், அந்தக் காத்திருப்பு தேவையானது. காசநோயை அறியத் தோலில் போடும் மாண்டூ ஊசியை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் படிக்க வேண்டும். திங்களில் போட்டால் புதன், வியாழனில் பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கதவுமுன் நிற்காதீர்கள்.

7. மருந்தே புண்ணை உண்டாக்கும்

மெத்தோட்ரெக்சேட் குடல் நோய்க்கு வாரம் ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் வாய் முழுக்கப் புண்ணாகி உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதி, வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

அசதயாப்ரின் ஆரம்பித்த சில வாரத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டினால் அது வெறும் முடி உதிர்வல்ல. இந்தியர்களில் ஒரு பகுதியினருக்கு இருக்கும் என்.யு.டி.டி.15 மரபணு மாற்றத்தால் வெள்ளை அணு மளமளவென்று விழும், முடி உதிர்வு அதற்கு முன்னெச்சரிக்கை. அன்றே ரத்தப் பரிசோதனை. தொடங்கிய முதல் மாதம் வாரம் ஒருமுறை ரத்தம் பார்ப்பதும் அதற்காகத்தான். இந்த மருந்தில் இருப்பவர்களுக்கு வெய்யிலால் தோல் புற்றுநோய் அபாயம் கூடும். காட்டில் வேலை செய்பவர்கள் முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துண்டும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

ஸ்டீராய்டில் இருக்கும்போது நாக்கில் துடைத்தால் வரும் வெள்ளைப் படலம் பூஞ்சை. ஆப்தஸ் புண்ணுக்கான ஸ்டீராய்டு பேஸ்ட்டை அதில் பூசினால் கூடிவிடும். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவை தரும், மருந்து முடிந்தால் போய்விடும். இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் எடுப்பவர்களுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையில் சொரியாசிஸ் போன்ற செதில் வரலாம். பயந்து தானாக நிறுத்தாதீர்கள், பூச்சு மருந்திலேயே பலருக்கு அடங்கும்.

8. வீட்டில் செய்ய வேண்டியவை

ட்ரையம்சினலோன் 0.1% வாய்ப் பேஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தால் பூசும் விதம்தான் முக்கியம். இரவு பல் துலக்கிய பிறகு, புண்ணைச் சுத்தமான பஞ்சால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். உளுந்து அளவு பேஸ்ட்டை விரல் நுனியில் எடுத்து மெதுவாக அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மணல்போல் பொடிந்து உதிர்ந்துவிடும். ஒற்றினால் வழவழப்பான படலமாகப் படியும். அரை மணி நேரம் தண்ணீரும் வேண்டாம். ஏழு நாளில் பயன் இல்லையென்றால் திரும்பக் காட்டுங்கள். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பான் என்றால் 10 மி.லி., ஒரு நிமிடம், பேஸ்ட்டால் பல் துலக்கி அரை மணி கழித்து. வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் கறை படியும்.

புண் இருக்கும் நாட்களில் கொள்ளு ரசத்தின் காரமும் பள்ளிபாளையம் சிக்கனின் வரமிளகாயும் வேண்டாம். சந்தகையில் தேங்காய்ப்பால், குழைய வேகவைத்த அரிசிம்பருப்பு சாதம், ஆறிய கஞ்சி நன்றாக இறங்கும். மணத்தக்காளிக் கீரை சாப்பிடுவதில் தவறில்லை, அதையே மருந்தாக நம்பி இருக்க வேண்டாம்; குடலில் சுருக்கம் உள்ளவர்கள் கீரை நாரை டாக்டரிடம் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். உதடு வீங்கும் வகையில், பட்டையையும் பென்சோயேட் சேர்த்த குளிர்பானம், சாஸ் வகைகளையும் விலக்கினால் சில பேருக்கு வீக்கம் குறைகிறது. உணவியலாளரின் மேற்பார்வையில் முயலலாம்.

கால் கட்டி வலிக்குக் காலை உயர்த்தி வைப்பதும் பாராசிட்டமாலும். கடையில் 'கால் வலி மாத்திரை' என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் வகை; அது குடலைக் கிளறும். பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

9. செலவு, காப்பீடு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ரேஷன் கார்டு, குடும்பத்தாரின் ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993. புறநோயாளியாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் கடை மருந்தும் பொதுவாக இதில் அடங்காது. எதற்கு அனுமதி கிடைக்கும் என்று மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் கையிலிருந்து கட்டிவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் போகும்.

உயிரியல் மருந்து (இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் வகை) எழுதினால் கணக்கு இப்படி: இன்ஃப்ளிக்சிமாப் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. 60 கிலோ என்றால் 300 மி.கி., அதாவது 100 மி.கி. குப்பி மூன்று. முதல் நாள், 2-ஆம் வாரம், 6-ஆம் வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒன்று. முதல் ஆண்டுக்குச் சுமார் எட்டு முறை. ஒரு குப்பியின் விலையை இதோடு பெருக்கிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள், பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு எதிர்ப்பு உருவாகி அடுத்த முறை வேலை செய்யாமல் போகலாம். ஒப்பான உள்நாட்டுத் தயாரிப்பு உண்டா என்று கேளுங்கள். சாதாரண மாத்திரைகளுக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகத்தில் விசாரியுங்கள். அடலிமுமாப் ஊசி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை வெய்யிலில் கோவையிலிருந்து வாங்கி வரும்போது குளிர்பெட்டியில் வையுங்கள், ஐஸ் நேரடியாகப் படாமல் துணி சுற்றி.

10. எத்தனை நாளில் என்ன எதிர்பார்க்கலாம்

எரித்திமா கட்டிகள், குடல் மருந்து சரியானால், ஆறு வாரத்தில். சின்ன வாய்ப்புண் இரண்டு வாரத்தில். இரும்புக் குறைவால் வந்த வாயோர வெடிப்பு சத்து ஏறியபின் சில வாரங்களில். பையோடெர்மா ஆற மாதங்கள் ஆகும், சல்லடைபோல் தழும்பு நிற்கும். வலி குறைவதும் ஊதா ஓரம் மங்குவதும்தான் மருந்து வேலை செய்வதன் முதல் அடையாளம், புண்ணின் அளவு அதன் பிறகுதான் சுருங்கும். அந்த வாரங்களில் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் குறைக்கும் அட்டவணையைத் தேதியோடு எழுதி வாங்கிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.